புதுப்பிப்பு: மனைவியின் முதுகு எம்.ஆர்.ஐ-க்கு அனுமதி கிடைத்துவிட்டது

டாக்டர் எழுதிக்கொடுத்த எம்.ஆர்.ஐ-யை இங்கே அமெரிக்காவில் இன்சூரன்ஸ் நிராகரித்துவிட்டது என்று புலம்பியிருந்தேன் அல்லவா, ஒருவழியாக அனுமதி வந்துவிட்டது.

6 வாரம் பிசியோதெரபி, மருந்து பார்த்ததற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அவள் அதையெல்லாம் செய்திருந்தாள், ஆனால் அந்தக் குறிப்புகள் வேறொரு கிளினிக்கில் இருந்ததால் விண்ணப்பத்தோடு போகவே இல்லை. அவற்றை வாங்கி அனுப்பினேன், அப்புறம் டாக்டரே இன்சூரன்ஸ் தரப்பு மருத்துவரிடம் போனில் பேசி, கால் மரத்துப்போவதையும் பாதத்தைத் தூக்கச் சிரமப்படுவதையும் எடுத்துச் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். வலியில் துடிப்பவரை இப்படிக் காக்க வைப்பது அநியாயம்.

இதே நிலையில் இருப்பவர்கள் கவனியுங்கள், கால் பலவீனம் கூடிக்கொண்டே போனால் டாக்டரிடம் அதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், 6 வார நிபந்தனைக்குப் பொதுவாக விலக்கு உண்டு. சிறுநீர் கட்டுப்பாடு போனால் நேராக எமர்ஜென்சிதான், அங்கே முன் அனுமதி தேவையில்லை.

இன்சூரன்ஸ் மறுத்தால் மேல்முறையீடு செய்வது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான திட்டங்களில் 180 நாள் அவகாசம் உண்டு, அவசரம் என்றால் 72 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், அதிலும் மறுத்தால் இன்சூரன்ஸைச் சாராத வெளியார் ஆய்வு கேட்கலாம்.

ஸ்கேன் அடுத்த வாரம். ரிப்போர்ட் வந்ததும் எழுதுகிறேன்.