சீசன் இல்லாத ஹுவா ஹின்: மறுபடி போகிறவர்களுக்கு

அலைவாய்:

மே முதல் அக்டோபர் வரை தாய்லாந்து முழுக்க மழை என்று பொதுவாகச் சொல்வது தாய்லாந்து வளைகுடாக் கரையிலுள்ள ஹுவா ஹின்னுக்கு அப்படியே பொருந்தாது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடல் பக்கமிருந்து வருகிறது. மியான்மர் எல்லையோரம் நிற்கும் தெனாசெரிம் மலைத்தொடர் அதன் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்கிலேயே பிழிந்துவிடும். புக்கெட் கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கும் ஜூன், ஜூலையில் இங்கே மேகமூட்டம், சாயங்காலம் ஒரு மழை, பிறகு பழையபடி புழுக்கம்; பல நாள் அதுவும் இருக்காது. அடித்து ஊற்றுவது அக்டோபரிலும் நவம்பர் முற்பாதியிலும்தான். ஆகவே அறை மலிவாகக் கிடைக்கும் மாதங்களில் ஜூன் முதல் செப்டம்பர் நடுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மழையைவிடக் கிழமைதான் முக்கியம். 1923-இல் ரயில்வே ஹோட்டல் திறந்த காலத்திலிருந்தே இது பாங்காக்வாசிகள் ஓய்வெடுக்க வரும் ஊர். வெள்ளி சாயங்காலம் பாங்காக்கிலிருந்து வரும் பெட்கசேம் சாலையில் கார்கள் வரிசை கட்டும். அறை வாடகையும் அன்றே ஏறும். ஞாயிறு இரவிலிருந்து வியாழன் இரவுவரை தங்கினால்தான் சீசன் இல்லாத ஊர் கண்ணில் படும். ஜூலை 28 (மன்னர் பிறந்தநாள்), ஆகஸ்ட் 12 (அன்னையர் தினம்) இரண்டும் வார இறுதியை ஒட்டி வந்தால் டிசம்பர் வாடகைதான். ஜூலைப் பௌர்ணமியை ஒட்டி வரும் ஆசாள்ஹ பூஜை, மறுநாள் தொடங்கும் பௌத்த மழைக்கால விரதம், இந்த இரண்டு நாளும் கடைகளில் மது விற்க மாட்டார்கள். நடுவே அகப்பட்டுக்கொண்டு கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள்.

ஓதம்:

அலைவாய் சொன்னதோடு கடல்மட்டத்தையும் சேர்க்க வேண்டும். ஆண்டுக் கடைசியில் வடகிழக்குக் காற்று வளைகுடாவுக்குள் தண்ணீரைத் தள்ளிக் குவிக்கிறது. அதனால்தான் விலை உச்சத்தில் இருக்கும் டிசம்பரில் கடல் ஏறும் நேரத்தில் அலை ஓட்டல் மதிலைத் தொடும், நடக்க மணலே இருக்காது. ஆண்டு நடுவில் மட்டம் தாழ்ந்து, பகலில் கடல் வற்றும்போது கரை அகலமாக விரியும். டிசம்பரில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஜூலைக் கடற்கரை வேறு ஊர் மாதிரி இருக்கும். தாய்லாந்துக் கடற்படையின் நீரியல் துறை ஓதப் பட்டியல் (கடல் ஏறி வற்றும் நேர அட்டவணை) வெளியிடுகிறது. முதல் நாளே வற்ற நேரத்தைக் குறித்துவைத்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நடக்கக் கிளம்பினால் போகவும் வரவும் மணல் இருக்கும். ஊர் நடுவில் பழைய ரயில்வே ஹோட்டலுக்கு முன்னால் பாறைகள் உண்டு. அவற்றில் ஒட்டிய சிப்பி பிளேடு மாதிரி கிழிக்கும். அங்கே வெறுங்காலோடு இறங்க வேண்டாம்.

ஜெல்லி மீன் மழைக்காலத்தில் அதிகம். மழை பெய்து, காற்றும் கரையை நோக்கி அடித்த மறுநாள் எச்சரிக்கையாக இருங்கள். முழுக்கை நீச்சல் சட்டை நல்ல காப்பு. கொட்டிவிட்டால் கையால் தேய்க்கவும் கூடாது, நல்ல தண்ணீரில் கழுவவும் கூடாது. இரண்டுமே ஒட்டியிருக்கும் கொட்டுச் செல்களை மேலும் வெடிக்க வைக்கும். வினிகரை விடாமல் 30 விநாடியாவது ஊற்ற வேண்டும். பல கடற்கரைகளில் கம்பம் நட்டு வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள், ஆனால் ஆள் இல்லாத மாதத்தில் அது காலியாகவும் கிடக்கலாம். பையில் அரை லிட்டர் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறினால் 1669 ஆம்புலன்ஸ்.

தண்டவாளம்:

பழைய நினைப்பில் போகிறவர்கள் முதலில் தடுமாறுவது ரயிலில். தெற்கே போகும் எக்ஸ்பிரஸ் வண்டிகள் 2023 ஜனவரியிலிருந்து பாங்காக்கின் பழைய நிலையமான ஹுவா லம்போங்கை விட்டு க்ருங் தெப் அபிவத் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. சாதாரண வண்டிகளுக்கு அது பொருந்தாது. டிக்கெட்டில் எந்த நிலையம் என்று போட்டிருக்கிறதோ அங்கே போங்கள், டாக்சிக்காரர் ஊகத்துக்கு விடாதீர்கள். ஹுவா ஹின்னிலும் 2023 டிசம்பர் முதல் வண்டி நிற்பது உயரத்தில் கட்டிய புதிய நிலையத்தில். சிவப்பும் வெளிர்மஞ்சளுமான பழைய மரக் கட்டடமும் ராஜ காத்திருப்பு மண்டபமும் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கின்றன. படம் எடுக்கலாம், வண்டி ஏற முடியாது.

விமானத்தில் இறங்கி நேரே போகிறவர்களுக்குச் சுவர்ணபூமியின் கீழ்த்தளத்திலிருந்து ஹுவா ஹின் பஸ் உண்டு, சுமார் 4 மணி நேரம். அது இறக்கிவிடும் இடம் ஊருக்கு வடக்கே. மூட்டையோடு நடக்கிற தூரமில்லை. ஊருக்குள் பச்சை சோங்தாவ் (பின்னால் இரண்டு வரிசை இருக்கை போட்ட பகிர்வு வண்டி) போதும், தெற்கே கௌ தக்கியாப் குன்று வரை போகும், கையில் 20 பாட் நோட்டு வைத்திருங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் அதை நம்ப வேண்டாம். வருகைப் படிவம் 2025 மே 1 முதல் இணையத்தில்தான். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் என்றால் போலி.

சாவிக்கொத்து:

அறை விஷயத்தில் ஒருவரும் வாயே திறக்கவில்லையே. சீசன் இல்லாத மாதத்தின் தலைவலி பாதி அங்கேதான்.

பல வாரம் பூட்டிக் கிடந்த அறையைத் தருவார்கள். குளியலறையில் சாக்கடை நாற்றம் வந்தால் உடனே பெட்டியைத் தூக்க வேண்டியதில்லை. தரை ஜாலிக்குக் கீழே குழாய் ஒரு வளைவாக இருக்கும். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் கீழ்க்குழாய்க் காற்று மேலே வராமல் அடைக்கிறது. யாரும் குளிக்காத அறையில் அந்தத் தண்ணீர் வற்றிப்போகும். இரண்டு லிட்டர் தண்ணீரை ஜாலியில் நிதானமாக ஊற்றுங்கள். வாஷ்பேசின் குழாயையும் ஷவரையும் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். ஊற்றிய பிறகு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், முன்னாலேயே போட்டால் அதுவே நாற்றத்தை உறிஞ்சி மேலே இழுக்கும். அரை மணி நேரத்தில் சரியாகாவிட்டால் குழாயில் வேறு கோளாறு. அப்போது அறையை மாற்றச் சொல்லலாம்.

ஏசியை 20 நிமிடம் ஓடவிட்டு, பெட்டிக்குக் கீழே தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் வடிகுழாயில் பாசி அடைத்திருக்கும். இரவு இரண்டு மணிக்குக் கட்டில் நனைந்த பிறகு சொல்வதைவிட அப்போதே சொல்லுங்கள். வாட்டர் ஹீட்டரில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மின்சாரம் பட்டென்று நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதில் குளிக்காதீர்கள்.

முன்பதிவுக்கு முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: நீச்சல் குளம் திறந்திருக்கிறதா, எந்த மாடியில் வேலை நடக்கிறது, பக்கத்து மனையில் கட்டுமானம் உண்டா. டைல்ஸ் மாற்றுவது, சுவர் இடிப்பது எல்லாம் இந்த மாதங்களில்தான் நடக்கும், காலை எட்டு மணிக்கே டிரில் ஆரம்பிக்கும். ஐந்து இரவுக்கு மேல் என்றால் ஓட்டலுக்கு நேராக எழுதிப் பாருங்கள். காலை உணவைச் சேர்த்தோ மேல்மாடி அறையாகவோ தருவார்கள். மாத வாடகைக் கான்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) மின்சாரத்துக்கு யூனிட் விலை எவ்வளவு என்று கேட்காமல் முன்பணம் தரவே கூடாது. மின்வாரிய விலையில் ஒரு கணக்கு, உரிமையாளர் போடும் 7, 8 பாட்டில் ஒரு கணக்கு, ஏசி ஓடும் வீட்டில் வித்தியாசம் பெரிது. நுழைந்த அன்றே மீட்டரைப் படம் எடுத்துவையுங்கள்.

இறால்பொடி:

வார நாளில் போனால் சிக்காடா சந்தை கிடைக்காது. அது வெள்ளி, சனி, ஞாயிறு சாயங்காலம் மட்டும். ஞாயிறு மதியம் வந்து இறங்கினால் சந்தையும் கிடைக்கும், அன்றிரவு முதல் மலிவு வாடகையும் கிடைக்கும். தெச்சானுசித் தெரு இரவுச் சந்தை எல்லா நாளும் உண்டு, மழை வந்தால் கடைகள் குறையும்.

ஐஸில் பரப்பிய இறாலுக்கும் நண்டுக்கும் பக்கத்தில் எழுதியிருக்கும் விலை பல கடைகளில் கிலோவுக்கு அல்ல, ஒரு கீத்துக்கு, அதாவது 100 கிராமுக்கு. 120 பாட் என்று பார்த்து ஒரு கிலோ நண்டு சொன்னவர் பில்லில் 1200 பார்ப்பார். எடை போடச் சொல்லி, மொத்தத்தைக் கால்குலேட்டரில் காட்டச் சொல்லி, பிறகுதான் அடுப்பில் ஏற்ற விட வேண்டும். சைவக்காரர்களுக்கு: ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொல்வது பத்தாது, மீன் சாறும் இறால் விழுதும் தானாகவே விழும். ‘ஜே’ (சுத்த சைவம்) என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடை அதற்கானது. ஆனால் அதில் பூண்டு, வெங்காயமும் இருக்காது. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் ஜே விழா வரும்போது அந்தக் கொடி தெருவெல்லாம் தெரியும்.

அலைவாய்:

ஹுவா ஹின்னுக்குத் தெற்கே இருக்கும் சாம் ரோய் யோட் தேசியப் பூங்காவின் பிரயா நகோன் குகையைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். 1890-இல் தாய்லாந்து மன்னர் ஐந்தாம் ராமர் வருகைக்காக எழுப்பிய மண்டபத்தின் மேல் குகைக்கூரைத் துளை வழியே வெயில் விழுவது காலை பத்தரை முதல் பதினொன்றரைக்குள். இந்த மாதங்களில் வானம் மூடியிருந்தால் ஒளிக்கற்றை வராது, மண்டபம் மட்டும்தான். எனவே முந்தின இரவு நிச்சயிக்காமல் காலை ஏழு மணி வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பாங் பூ கிராமத்திலிருந்து முனையைச் சுற்றிப் படகில் போகலாம், அல்லது குன்றின் மேல் அரை கிலோமீட்டர் நடக்கலாம். அதன் பிறகு குகைக்கு 430 மீட்டர் நீள ஏற்றப் பாதை. படகு கரையில் முட்டாது, முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். ஏறுகிற பாதையில் சுண்ணாம்புக் கல் ஆயிரக்கணக்கான கால் பட்டு வழவழப்பாகி இருக்கிறது. ஈரத்தில் ரப்பர் செருப்பு நிற்காது, பிடிப்புள்ள ஷூ வேண்டும். பெருமழை பெய்த மறுநாள் பாதையை மூடிவிடுவதும் உண்டு, அதனால் கார் பேசுமுன் பூங்கா அலுவலகத்தை ஓட்டல் வரவேற்பாளர் மூலம் தாய் மொழியில் விசாரிக்கச் சொல்லுங்கள்.