காட்டுப்பாதையில தனியா நடந்தாராம், நம்புங்க

கல்லடியான்: கதிர்காமப் பாதயாத்திரையப் பத்தி ஒராள் எழுதியிருக்கார், "உகந்தை முருகன் கோயில்ல இருந்து கதிர்காமம் வரைக்கும் தன்னந்தனிய நடந்து முடிச்சன், கூட்டத்தோட போறது நடை இல்ல ஊர்வலம்" எண்டு. வாசிச்சதில இருந்து பத்திக்கொண்டு வருது. காட்டுப்பாதை திறக்கிறதே கதிர்காமத்து ஆடிவேல் திருவிழாவுக்குக் கொடியேறுற நேரத்தை ஒட்டி கொஞ்ச நாளைக்குத்தான், அந்த நாள்ல முன்னுக்கும் பின்னுக்கும் சனம் அரோகரா போட்டுக்கொண்டு போகுது, இதுக்குள்ள எங்க தனிமை? சரி, ஒண்டு கேக்கிறன். நடுவழியில, நாவலடியில தண்ணி ஆர் தந்த?

தனிநடை: நான்தான் அந்தாள். ஆரோடயும் சேரல்ல, ஆர்ட சோத்துப் பானையிலயும் கை வைக்கல்ல. மலையகத்தில பீக்கோ ட்ரெயில் எண்ட நடைபாதையில 22 கட்டமும், 300 கிலோமீற்றருக்கு மேல, தனியா நடந்தவன் நான்.

கல்லடியான்: அது தேயிலைத் தோட்டத்தால போற வழி, தொழிலாளர் லயமும் கடையும் இரிக்கி. கேட்டது தண்ணி.

அக்கரைப்பத்து மருமகள்: தண்ணிய விடுங்க அண்ணன். கொதிமணல்ல கொப்புளம் உடைஞ்சு நான் இருந்திட்டன், முன்னப்பின்ன தெரியாத கிழவி ஒராள் தன்ட முந்தானைத் தலைப்பக் கிழிச்சு, வேப்பெண்ணெய் தடவிக் கட்டிவிட்டா, "நட மகள்" எண்டு கையப் பிடிச்சுக்கொண்டு வந்தா. இது ஊர்வலமா?

தனிநடை: உங்கட குழுதானே வழியில வியாழை எண்ட இடத்தில கால் ஏலாத பொடியன விட்டுட்டுப் போன?

அக்கரைப்பத்து மருமகள்: அவன் பின்னால வாற ஆக்களோட வாறன் எண்டவன்! தனியா போன உங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?

கல்லடியான்: ஹாஹா, மாட்டுப்பட்டார்.

பழைய சாமி: தம்பிமார், யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி கோயில்ல இருந்து வாற சாமிமாரோட சேர்ந்து நடந்தவன் நான். இந்தப் பாதை போற குமனைப் பூங்கா 1985ல சண்டையால மூடி 2003லதான் மறுகா திறந்த, அந்தக் கஷ்டமெல்லாம் உங்களுக்கு எங்க தெரியும். தனியன் யானை வழி மறிச்சா இவர் என்ன செய்வார், போனையா காட்டுவார்?

கல்லடியான்: ஐயா, யானை பிறகு வரட்டும். தண்ணி.

தனிநடை: தண்ணி லொறியில, பவுசர்ல பிடிச்சன்! போதுமா? அது எல்லாருக்கும் வச்சது. பவுசர் ஒரு ஆளா?

கல்லடியான்: பவுசர் தானா உருண்டு வந்ததாக்கும்! ஓட்டினவன், டீசலுக்குக் காசு குடுத்தவன், வெயிலுக்குள்ள நிண்டு வரிசை பாத்தவன், இவ்வளவு பேரும் உமக்காக நிக்க, நீர் ஒரு வாய் குடிச்சிட்டு தன்னந்தனிய எண்டு எழுதுறீர், போன திருவிழாவில மேளக்காரருக்குச் சேத்த காசிலயும் நீர் இப்பிடித்தான் "நான் தனியாக் குடுக்கிறன்" எண்டு சொல்லிட்டு ஆளையே காணல்ல.

தனிநடை: மேளத்தை ஏன் இழுக்கிற? உகந்தை அம்பாறையில இரிக்கி, மட்டக்களப்பான் என்னத்துக்குத் துள்ளுற?

பழைய சாமி: முருகனுக்கு மாவட்டம் பாக்கிறீரோ? மட்டக்களப்பு மண்டூர் முருகன் கோயில ஏன் சின்னக் கதிர்காமம் எண்டுற, தெரியுமா?

திருக்கோயில் பொடியன்: மண்டூர் எண்டாப் போதும், உடனே தூக்கிப் பிடிப்பீங்க. எங்கட திருக்கோயில் சித்திர வேலாயுதர் என்ன குறைஞ்சவரா?

பழைய சாமி: ஆர் குறைச்சது? நான் சொன்னத முதல் வாசி.

கல்லடியான்: வாசிக்கிறது இருக்கட்டும். பவுசர் வராட்டி என்ன செய்திருப்பீர்? அதைச் சொல்லும்.

தனிநடை: குமுக்கன் ஆத்தில நிரப்பியிருப்பன். அடுத்த வருசமும் தனியாத்தான் போவன்.

அக்கரைப்பத்து மருமகள்: அந்தப் பொடியன்ட கதைய எடுத்தது நீங்க, அதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க.

திருக்கோயில் பொடியன்: மண்டூர் ஆக்கள் எங்க, ஒருத்தரையும் காணல்ல?