அப்பா இறந்த துக்கத்தில் கரு கலையுமா? 42% கணக்கு சரியா?

செவிலி_தேனி:
9ஆம் வார ஸ்கேனில் கருவின் நீளம் 10 மி.மீ., துடிப்பு இல்லை. நான்கு நாள் முன்புதான் அந்தப் பெண்ணின் அப்பா இறந்திருக்கிறார். "அழுது அழுதே கலைஞ்சுபோச்சு" என்கிறது வீடு. மன அழுத்தம் கருச்சிதைவை 42% கூட்டும் என்று 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வையும் (பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது) காட்டுகிறார்கள். இவர்களுக்கு எப்படி விளக்குவது?

ஸ்கேன்ரூம்:
நீளத்திலேயே பதில் இருக்கிறது. 10 மி.மீ. என்பது 7 வாரக் கருவின் அளவு. தேதி சரியென்றால் வளர்ச்சி நின்று இரண்டு வாரம் ஆகப்போகிறது. சாவு அதற்குப் பிறகுதான். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர் என்றால் இந்தக் கணக்கு ஆடும், முந்தைய ஸ்கேன் இருந்தால் ஒப்பிடுங்கள். உள்வழி ஸ்கேன்தானே (பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பது)? அதில் 7 மி.மீ.க்கு மேல் துடிப்பு இல்லாவிட்டால் கரு நின்றுவிட்டது என்றே முடிவு செய்வார்கள்.

எண்_கணக்கு:
42% என்பது 100 பேரில் 42 பேர் அல்ல, வாய்ப்பு விகிதம் (odds ratio) 1.42; அதாவது கலைந்தவைக்கும் கலையாதவைக்கும் உள்ள விகிதம் 1.42 மடங்கு. அழுத்தம் இல்லாதவர்களில் 100க்கு 15 கர்ப்பம் கலைகிறது என்று வைத்துக்கொண்டால், அது 20 ஆகும். அதையும் அப்படியே நம்ப முடியாது. கரு கலைந்த பிறகு "என்ன கஷ்டம் இருந்தது?" என்று கேட்டால், காரணம் தேடித் தவிக்கும் பெண் எல்லாவற்றையும் தோண்டி எடுப்பாள், நல்லபடியாகப் பெற்றவள் மறந்திருப்பாள். ஞாபகத்தை நம்பாமல் சிறுநீரில் கார்ட்டிசோல் (மன அழுத்தத்தில் கூடும் ஹார்மோன்) அளந்த குவாத்தமாலா ஆய்வு (2006) நல்ல முயற்சி. அதிலும் கார்ட்டிசோல் கூடியவர்களுக்கே அதிகம் கலைந்தது. ஆனால் மொத்தம் 22 கர்ப்பங்கள்தான்!

செவிலி_தேனி:
அப்படியானால் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடலாமா?

ஆலோசகர்_ம:
வேண்டாம், அதுவும் பொய். தொடர்பு தெரிகிறது, நேரடிக் காரணம் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. தொடர் கருச்சிதைவு பற்றிய ஐரோப்பிய வழிகாட்டுதலும் இப்படித்தான் சொல்கிறது. முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை. அது பெரும்பாலும் கருமுட்டையிலேயே நடப்பது. அழுகை அங்கே போய் எதையும் மாற்றாது. வயதுதான் பெரிய விஷயம்: நார்வே ஆய்வில் (2019) 25–29 வயதில் 10%, 45க்கு மேல் 53%.

மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்து, ஸ்கேன் அளவைக் காட்டியே சொல்லுங்கள். இரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி (அடுத்த கருவின் இரத்தத்தைத் தாயின் உடல் தாக்காமல் தடுப்பது) தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். மணிக்கு இரண்டு பேட் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. இரண்டாவது முறையும் கலைந்தால் ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை (இரத்தம் உறைவதைத் தூண்டும் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது), பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடியும். அடுத்த கர்ப்பத்தில் "டென்ஷன் ஆகாதே" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டாலே பழி தன் மேல்தான் என்று நினைப்பாள்.