‘அறளை பெயர்ந்துவிட்டது’ (வயது போய்ப் புத்தி தடுமாறிவிட்டது) என்று சொல்லப்பட்டவர்கள்: உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்

பரந்தன் சந்தி

அம்மா போன பிறகு அப்பா கதிரையும் தானுமாகக் கிடந்தார். படலை பூட்டியாச்சா என்று கேட்பார். பூட்டியாச்சு என்றால் தலையாட்டுவார். தேத்தண்ணி குடித்து முடிய முன்னம் திரும்பவும் அதே கேள்வி. சரி, கதைக்கு வாறன்.

புதுக்குடியிருப்பில் ஒரு செத்த வீடு. இரவு முழிப்புக்கு வழக்கம்போல 304 தாள் விளையாட்டு. ஒரு கை குறைந்தது. “மாஸ்டர், வாங்கோ” என்று அப்பாவைப் பிடித்து இருத்திவிட்டார்கள். நாலு பேருக்கு முன்னால் ஆட்டத்தைக் குழப்பப் போகிறாரே என்று எனக்குப் பயம். விளையாடுகிறவர்களுக்குத் தெரியும்: ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10 என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டே, விழுந்த தாள் எது, விழாத தாள் எது என்றும் பார்க்க வேண்டும். கடைசித் தாள்களில் ஒரு பொடியன் போடாமல் இழுத்துக்கொண்டிருந்தான். அப்பா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “என்ன தம்பி யோசனை? கலாவரை ஒன்பது இன்னும் விழேல்லை. அது உன்னட்டைத்தான் கிடக்கு, போடு.”

போட்டான். கலாவரை (கிளப்ஸ்) ஒன்பதேதான்!

விடிய வீட்டுக்கு வந்து இறங்கியதும் கேட்டார்: “படலை பூட்டினதோ?” இது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முள்ளியவளைக்காரி

எங்கள் மாமி பேத்தியின் பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்துச் சிங்களம் படிக்கத் தொடங்கினார். ஏன் மாமி இந்த வயதில் என்றால், “அவள் படிக்கேக்கை நான் சும்மா இருக்கிறதே?” என்பார். வவுனியா பஸ் நிலையத்தில் செட்டிகுளம் பஸ்ஸுக்கு நின்றோம். திடீரென்று என் கையைப் பிடித்து, “பொறு பிள்ளை” என்றார். எதிரில் நின்ற பஸ்ஸின் பலகையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக உதட்டை அசைத்துக் கூட்டி, “மதவாச்சி! அது மதவாச்சி பஸ்!” என்று கத்தினார். கண்டக்டர் சிரித்துக்கொண்டு “ஹரி அம்மே, நகின்ன” (சரி அம்மா, ஏறுங்கோ) என்றான். மாமி ஏறப் போய்விட்டார். இழுத்து இறக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பரந்தன் சந்தி, அடுத்த செத்த வீடு வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்காமல் வீட்டிலேயே தாள் போடுங்கோவன்.

ஓய்வு பெற்ற தாதி

எங்கள் பெரியப்பாவுக்கும் ஊரே அறளை என்றுதான் பெயர் வைத்தது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார், சபையில் இருந்து எழும்பிப் போவார். கடைசியில் பார்த்தால் காது. இறுதி யுத்தத்தில் கேட்ட ஷெல் சத்தத்தோடு போன காது. மெஷின் மாட்டிவிட்ட அன்று அவர் வாயில் இருந்து வந்த முதல் வார்த்தை, “உந்தச் சேவலை ஆரும் பிடிச்சுக் கட்டுங்கோ.”

பரந்தன் சந்தி தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். தாள் விளையாடினார், ஆகவே அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிட வேண்டாம். பழகிய விளையாட்டு கையோடு நிற்கும், இப்போது சொன்னது தங்காது. மறதிநோயின் தொடக்கமும் அப்படி இருக்கலாம். ஆனால் மனைவியை இழந்த கவலையும் மறதி மாதிரியே காட்டும், அதற்கு வைத்தியம் உண்டு. எது என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், கண், காது எல்லாம் பாருங்கள். லான்செட் என்ற மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. காது கேளாமை, புகைத்தல், உடம்பை அசைக்காமல் இருத்தல், ஆளோடு பழகாமல் தனித்திருத்தல் எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் மறதிநோயில் கிட்டத்தட்ட 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாமாம். கிழமைக்கு 150 நிமிடமாவது விறுவிறுப்பான நடை மாதிரி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இரணைமடுக் குளக்கட்டில் பின்னேரம் விறுவிறென்று நடந்தாலும் போதும். முக்கியமாக, படலைக் கேள்விக்கு எரிந்து விழாதீர்கள். பூட்டுகிற வேலையை அவரிடமே கொடுங்கள். பிறகு இரவில் போனை வைத்துக்கொண்டு முழித்திருக்க விடாதீர்கள், நித்திரை…

நெடுங்கேணித் தோட்டம்

அக்கா, தம்பி கதைதான் சொன்னவர், மருந்துத் துண்டு கேட்கவில்லை. 🙂

எனக்கு முள்ளியவளை அக்காவோடும் கொஞ்சம் பிணக்கு. 304 அவருக்குப் பாடமான விளையாட்டு. வீட்டில் போட்டால் பொழுது போகும், நாலு பேர் வந்து போவார்கள், அவ்வளவுதான். உங்கள் மாமி செய்ததுதான் விசயம்: தெரியாததில் கை வைத்தது. என் சித்தப்பா ஆயுள் முழுக்க நெல்லுத்தான். போன மாரிக்கு யூடியூப் பார்த்துக் காட்டு மாங்கன்றில் கறுத்தக்கொழும்பான் ஒட்டுக் கட்டத் தொடங்கினார். கட்டியதெல்லாம் கறுத்துக் காய்ந்தது. சித்தி, “மனுசன் நல்ல கன்றுகளையும் சாக்காட்டுது” என்று பேசினா. அவர் கொப்பியில் எந்தக் கன்றை எந்தக் கிழமை, எந்தக் கத்தியால் வெட்டினது என்று எழுதி வைத்தார். வயல் கணக்குக்கே கொப்பி எடுக்காத மனுசன்! ஒருநாள் விடியக் காலமை போன் வந்தது. யாருக்கோ ஏதோ என்று பதறி எடுத்தால், “டேய், பொலித்தீனுக்குள்ளை சிவப்பாய் ஒண்டு எட்டிப் பார்க்குது, ஓடி வா.”

போனேன். கன்றுக்குப் பக்கத்தில் யாரையும் விடவில்லை, என்னையும்தான்.

மாங்குளம் மகன்

தாதி அக்கா, அந்தக் காது மெஷினை எங்கே எடுத்தனீங்கள்? அரச ஆஸ்பத்திரியில் கேட்டால் தருவார்களா, காசுக்குத்தான் வாங்க வேணுமா? எங்கள் ஐயாவும் இப்போது சபையில் இருந்து எழும்பிப் போகிறார்.