கியரைத் தாண்டிப் போடுவது: உங்கள் அனுபவம் என்ன?

வேளச்சேரி வாசி:
பரனூர் சுங்கச்சாவடி வரிசையை நெருங்கும்போது ஐந்தாம் கியரில் இருந்தேன். பிரேக்கிலேயே வேகத்தை 20 வரை குறைத்துவிட்டு, கிளட்ச்சை மிதித்து நேராக இரண்டாம் கியரைப் போட்டேன். வண்டி குலுங்கவே இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்த என் மாமனார், பல ஆண்டுகள் லாரி ஓட்டியவர், கியர் லீவரின் மேல் கையை வைத்து, "நாலும் மூணும் எங்கே மாப்பிள்ளை? இப்படிப் போட்டால் கியர்பாக்ஸ் தாங்காது" என்றார். பின்னால் ஹாரன் அடித்தும் அவர் கையை எடுக்கவில்லை. அவர் சொன்னது சரியா என்று இன்றுவரை மனம் உறுத்துகிறது.

பெரம்பூர்க்காரி:
நான் ஓட்டுநர் பயிற்சியில் இருந்தபோது, கத்திப்பாரா ஏற்றத்தில் உடன் பயின்ற தம்பி ஒருவர் இரண்டிலிருந்து நான்குக்குத் தாவினார். வண்டி அதிர்ந்தது. "இன்ஜின் இழுக்க முடியாமல் முனகுவது கேட்கிறதா?" என்று மட்டும் பயிற்சியாளர் கேட்டார். அந்த முனகல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அம்பத்தூர் அன்பர்:
வேளச்சேரி நண்பரே, உங்கள் மாமனார் அவர் பழகிய வண்டிகளுக்குச் சரியாகவே சொல்லியிருக்கிறார். பழைய லாரிகள் பலவற்றில் சிங்க்ரோ, அதாவது கியர் மாறும்போது சுழற்சிகளைச் சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது. டபுள் கிளட்ச் அடித்துத்தான், அதாவது நடுவே நியூட்ரலில் ஒருமுறை கிளட்ச்சை விட்டு மீண்டும் மிதித்துத்தான், ஒவ்வொரு கியராக இறக்க வேண்டும். இன்றைய கார்களில் பற்கள் இணைவதற்கு முன் சிங்க்ரோ வளையம் உரசி, கியரின் சுழற்சியையும் அது இணையும் தண்டின் சுழற்சியையும் சமப்படுத்திவிடுகிறது. புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் தேய்ந்துபோன வளையத்தை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்; இவ்வளவு மெல்லிய பொருளா இத்தனை வேலையையும் தாங்குகிறது என்று அன்று திகைத்தேன். ஆகவே லீவரை ஓங்கித் தள்ளாதீர்கள், அது தானாக உள்ளே விழும்வரை மெல்ல அழுத்துங்கள். வேகத்தைக் குறைப்பதைப் பிரேக்கிடம் விட்டுவிடுங்கள், ஏனெனில் பிரேக் பேடை மாற்றும் செலவு கிளட்ச் பிளேட்டை மாற்றுவதைவிட மிகக் குறைவு. ஏலகிரி மலையிறக்கத்தில் மட்டும் இது பொருந்தாது. அங்கே கியரும் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்திலிருந்து இரண்டுக்கு ஒருபோதும் வராதீர்கள். அப்போது சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுவதால், சுழற்சியைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பாலும் அதைக் காப்பாற்ற முடியாது. வால்வு பிஸ்டனில் மோதக்கூடும்.

துரைப்பாக்கம் பயணி:
அம்பத்தூர் ஐயா, வேகத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் கிளட்ச்சை விடும் விதத்தைச் சொல்லவில்லை. நவம்பர் மழையில் ஓ.எம்.ஆரில் நான் அமர்ந்திருந்த வாடகைக் காரின் ஓட்டுநர் நான்கிலிருந்து இரண்டுக்கு இறக்கிவிட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட்டார். முன்சக்கரங்கள் ஒரு கணம் வழுக்கி, கார் பக்கத்துத் தடத்துப் பேருந்தை நோக்கி நகர்ந்தது. அவர் வந்த வேகம் அதிகமில்லை. கிளட்ச்சை விடுவதற்கு முன் ஆக்சிலரேட்டரைச் சற்றே மிதித்து இன்ஜின் சுழற்சியை உயர்த்தியிருந்தால், அந்த வழுக்கல் நேர்ந்திருக்காது.