அடர்ந்த சொந்தக் காட்டில் எந்த மரத்தை எடுப்பது, எதை விடுவது?

புதுக்காடன்:
2 ஹெக்டேர், ஒரே வயது மரங்கள், கத்தியே படாமல் நெருக்கி வளர்ந்திருக்கின்றன. "பெருத்ததை மட்டும் எடுத்துக்கறேன், சின்னது தானா பெருக்கும்" என்கிறார் வியாபாரி. ஒத்துக்கொள்ளலாமா? பயிற்சிக்குப் போனால் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

மரநாடா:
ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே வயதுக் காட்டில் சின்ன மரம் இளசு அல்ல, போட்டியில் தோற்றது. நல்லதை விற்றுவிட்டால் கோணலும் நோஞ்சானும்தான் விதை போடும்.

முதலில் அளக்கப் பழகுங்கள். குச்சி நட்டு 5.64 மீட்டர் கயிற்றால் வட்டம் போட்டால் 100 சதுர மீட்டர். உள்ளே இருக்கும் மரங்களை எண்ணி 100ஆல் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு. தரையிலிருந்து 1.3 மீட்டரில் சுற்றளவு எடுத்து 3.14ஆல் வகுத்தால் விட்டம். சரிவில் கயிற்றைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். தரையோடு படியவிட்டால் வட்டம் சுருங்கி மரம் குறைவாகக் காட்டும். வட்டத்துக்கான இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுக்காமல் சம இடைவெளியில் வையுங்கள். கண் எப்போதும் நல்ல மரத்தடிக்கே போகும்!

கவிகை:
வெட்டுவதைக் குறிக்கும் முன் காப்பதைக் குறியுங்கள்: நேரான தண்டு, நிறைந்த தலை, காயமில்லாத அடி. அதன் தலையை இடிக்கும் ஒன்றிரண்டு மரங்களை மட்டும் எடுத்தால் போதும். நிழலில் நசுங்கிக் கிடப்பவை அதற்குப் போட்டியே இல்லை. அவற்றை வெட்டினால் கூலிதான் நஷ்டம். விட்டுவைத்தால் காக்கும் மரத்தின் தண்டில் வெயில் படாது, அதில் முளைக்கும் பக்கப் போத்தும் குறையும்.

பயிற்சியில் மார்டெலோஸ்கோப் உண்டா என்று கேளுங்கள். ஐரோப்பாவில் பரவலாக உள்ள முறை. பெரும்பாலும் 1 ஹெக்டேர் திடல். மரமெல்லாம் எண்ணிட்டு அளந்திருக்கும். எதை வெட்டுவீர்கள் என்று நீங்கள் குறித்தால், மிச்சம் எப்படி நிற்கும் என்று கணக்குச் சொல்லும். ஒரு மரமும் விழாது. செயின்சா பயிற்சி இதில் சேராது, அது தனி.

புதுக்காடன்:
ஒரு வட்டம் போட்டேன். சராசரி உயரம் 16 மீட்டர், விட்டம் 15 சென்டிமீட்டர். மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடலாமா?

மரநாடா:
வேண்டாம். உயரத்தை விட்டத்தால் வகுத்துப் பாருங்கள், இரண்டும் மீட்டரில்: 16ஐ 0.15ஆல் வகுத்தால் 107. இந்த எண் 80க்குக் கீழே இருந்தால் மரம் உறுதி. 100ஐத் தாண்டினால் ஒல்லிக்குச்சி, பக்கத்து மரத்தின்மேல் சாய்ந்துதான் நிற்கிறது. (ஊசியிலை மரங்களுக்கு இந்த விதி இன்னும் நன்றாகப் பொருந்தும்.) திடீரென்று திறந்துவிட்டால் அடுத்த பெருங்காற்றில் சரியும். இப்போது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள், காற்று வரும் பக்கத்து ஓர மரங்களைத் தொடவே வேண்டாம். தலைகள் மறுபடி முட்டும்போது அடுத்த சுற்று. எதையும் வெட்டும் முன் இன்னும் பத்து வட்டமாவது போடுங்கள், ஒன்றை வைத்து முடிவெடுக்க முடியாது.