நானோ சில்வர் ஷீட்டை சலைன்ல நனைக்கலாமா?

மேலூரான்:
தார் ரோட்டுச் சூட்டில் உள்ளங்கால் வெந்து கொப்புளம் வெடிச்ச சர்க்கரைப் புண், அப்பாவுக்கு. டாக்டர் நானோ சில்வர் ஷீட் (நுண்ணிய வெள்ளி பூசின புண் கட்டு) எழுதி, மூணு நாளைக்கு ஒருக்கா மாத்தச் சொன்னார். சலைன்ல, அதான் ஆஸ்பத்திரி உப்புத் தண்ணியில, நனைச்சுத்தான் வைக்கிறோம். ரெண்டாம் நாளே காய்ஞ்சு ஒட்டிக்குது, சுத்துத் தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகுது. எங்க தப்பு?

டிரெஸ்ஸிங்_ரூம்:
முதல் தப்பு சலைன்லதான். அதுல 0.9 சதவீதம் உப்பு இருக்கு. ஷீட்டிலிருந்து பிரியுற வெள்ளி அயனிதான் கிருமியைக் கொல்லும். உப்புல இருக்கிற குளோரைடு அதைப் பிடிச்சுக் கரையாத வெள்ளி குளோரைடா ஆக்கிடும். மெடிக்கல்ல 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் (கிருமி நீக்கின, உப்பில்லாத தண்ணி) கேட்டு வாங்குங்க. புண்ணை சலைன்ல கழுவலாம், ஆனா நல்லா ஒத்தி எடுத்திடணும். ஷீட்டைப் புண் அளவுக்கு வெட்டி, ஸ்டெரைல் வாட்டர்ல நனைச்சு, ஸ்டெரைல் காஸ் துணி மேல 2 நிமிஷம் வடிய விட்டு வைங்க. சொட்டச் சொட்ட வச்சா சுத்துத் தோல் ஊறி வெளுத்துடும், புண்ணும் பெருசாகும். நீர் கசியாத புண்ணுன்னா தினமும் மேல்கட்டைப் பிரிச்சு, அதே தண்ணியைக் கொஞ்சம் விட்டு ஈரம் காக்கணும். ஒட்டிக்கிச்சுன்னா பிய்க்காதீங்க, நனைச்சுட்டுப் பொறுங்க. சாம்பல் கறை வெள்ளி படியறதுதான், நாளாக நாளாகப் போயிரும்.

மேலூரான்:
போர் தண்ணியைக் கொதிக்க வச்சு ஆத்தி ஊத்தலாமாக்கா?

டிரெஸ்ஸிங்_ரூம்:
வேணாம் தம்பி. கொதிச்சா கிருமிதான் சாகும். தண்ணி வத்துற அளவுக்கு அதுல இருக்கிற உப்பு இன்னும் கெட்டியாகும்.

கீழவாசல்_பார்மசி:
ஷீட்டுக்கு அடியில வாஸ்லின், எண்ணெய்ப்பசை ஆயின்மென்ட் எதுவும் கூடாது. செத்த சதையைக் கரைக்கிற நொதி இருக்கிற கொலாஜனேஸ் ஆயின்மென்டும் சேராது, வெள்ளி அந்த நொதியை முடக்கிடும். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனா கழட்டிட்டுப் போகணும். தீப்புண்ணுக்குத் தர்ற 1 சதவீத சில்வர் சல்ஃபாடயசின் க்ரீம் வேற சரக்கு. சல்ஃபா மருந்து அலர்ஜி இருந்தா அதைத் தொடாதீங்க. வெள்ளித் துகள் கலந்த தண்ணியை 'கொலாய்டல் சில்வர்'னு குடிக்க விக்கிறாங்களே, அந்தப் பக்கமே போக வேணாம். தோல் நீலச் சாம்பலாகிடும், அந்த நிறம் திரும்பாது.

டிரெஸ்ஸிங்_ரூம்:
2 வாரம் கழிச்சு டாக்டர்கிட்ட காட்டி, இன்னும் வெள்ளி வேணுமான்னு கேளுங்க. கிருமி அடங்கினப்புறம் சாதாக் கட்டே போதும். இடையில காய்ச்சல், நாத்தம், செவப்பு பரவுதுன்னா மூணாம் நாளுக்குக் காத்திருக்க வேணாம், அன்னைக்கே போயிருங்க. அப்பா அந்தக் காலை ஊனித்தானே நடக்கிறார்? புண் மேல பாரம் விழாம பார்த்துக்கிற செருப்பு வாங்கியாச்சா? அது இல்லாம எந்த ஷீட் வச்சும் உள்ளங்கால் புண் ஆறாது.